மன்னார் இருப்புப்பாதை: ஒரு கிளையின் வரலாறு

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் கரையோரத் தெருவிலே, விடத்தல்தீவுக்கும் வெள்ளாங்குளத்துக்கும் இடையில் அமைந்தது இலுப்பைக்கடவை. இலுப்பை நின்ற கடவை என்பது ஊர்ப்பெயரின் நேர்ப்பொருள். கடவை என்னுஞ் சொல் வழியையும், வேலியில் ஆள் நுழைந்து செல்லும் வாயிலையும் குறிக்கும். புகைவண்டி வந்தபின்னர், தெருவும் தண்டவாளமும் குறுக்கிடும் இடத்துக்கும் ஈழத்திலே அச்சொல்லே வழங்கலாயிற்று. புகையிரதக் கடவை என்பர். கடவையைத் தன் பெயரிலேயே தாங்கிய இவ்வூருக்கோ ஒருநாளேனும் புகையிரதக் கடவை வாய்த்ததில்லை. மன்னார்ப் பெருநிலத்தில் 1914 ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அமைந்தது. அது இவ்வூரை அணுகாது தெற்கே விலகிச் சென்றது. அவ்வாறு விலகிச் சென்ற காரணத்தை அறியின், அப்பாதை யாருக்காக அமைந்தது என்பதும் உடன் புலப்படும்.

இலங்கைப் படத்தை விரித்து நோக்கும் மாணவன் ஒன்றை எளிதிற் காண்பான். கொழும்பிலிருந்து வடக்கே காங்கேசன்துறைக்குச் செல்லும் பெரும்பாதை மதவாச்சியில் ஒரு கிளையை விடுகின்றது. அக்கிளை வடமேற்கே திரும்பி, நேரியகுளம், செட்டிகுளம், மடு றோட், முருங்கன், மாதோட்டம், திருக்கேதீச்சரம் என்னும் நிலையங்களைக் கடந்து, கடல்மேல் இட்ட பாலத்தால் மன்னார்த் தீவினுட் புகுந்து, தோட்டவெளி, பேசாலை வழியாகத் தலைமன்னார் இறங்குதுறையில் முடிகின்றது. நீளம் 106 கிலோமீற்றர். பழைய கணக்கில் 66 மைல். இவ்வளவு நீண்ட பாதையில் நகரென்று சொல்லத்தக்கது மன்னார் ஒன்றே. பாதை அமைந்த காலத்தில் அதுவும் மிகச் சிறிய நகர். ஏனையவெல்லாம் காடும், குளத்தடி வயலும், மணலும், பனையுமே. இத்தகைய நாட்டின் ஊடாக ஐந்தரையடி அகலப் பாதையொன்றை அரசு பெரும்பொருள் செலவிட்டு அமைத்தமைக்கு அந்நாட்டு மக்களின் தேவை காரணமாயிருத்தல் இயலாது. காரணத்தைக் கடலுக்கு அப்பாலும் மலைக்கு மேலும் தேடல் வேண்டும்.

இலங்கையில் இருப்புப்பாதை பிறந்ததே கோப்பியின் பொருட்டு. 1864 ஆம் ஆண்டின் இறுதியிற் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதல் வண்டி ஓடியது. 1867 இல் அப்பாதை கண்டியை அடைந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் விளைந்த கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் முதல் வேலை. விளைபொருளை இறக்குதற்கு வழி கண்ட அரசு, அப்பொருளை விளைத்த மக்கள் மலைக்கு ஏறும் வழியைக் குறித்து நெடுங்காலம் அத்துணைக் கருத்துச் செலுத்தவில்லை. அம்மக்கள் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் திரட்டப்பட்டு, இராமநாதபுரக் கரையிலே தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். வடதெரு என்று தோட்டத்துரைமார் குறிப்பேடுகளில் வழங்கும் வழி இதுவே.

இவ்வழியின் கொடுமையைச் சிறிது நின்று நோக்குதல் தகும். வழியிற் பெரும்பகுதி மலேரியாக் காடு. கோடையிற் குளங்கள் வற்றும். எஞ்சிய சேற்றுநீரே குடிநீர். கொள்ளைநோய் ஒரு கூட்டத்திற் புகுந்துவிட்டால் நடக்க மாட்டாதவரை வழியிலே விட்டுச் செல்வதன்றி வேறு செயலில்லை. கோப்பித் தோட்டத்து வேலை பருவத்து வேலையாதலின், பழம் பறிக்கும் காலத்தில் வந்தோர் அது முடிந்ததும் அதே வழியால் ஊருக்குத் திரும்பினர். ஓராண்டில் இருமுறை இக்காட்டைக் கடக்கும் விதி அவர்களுடையது. காலப்போக்கில் அரசு வழியோரத்திற் கிணறுகளும், தங்குமடங்களும், வைத்தியசாலைகளும் அமைத்தது. அவற்றால் இறப்புக் குறைந்ததே தவிர ஒழியவில்லை. இன்று செட்டிகுளத்துக்கும் மதவாச்சிக்கும் இடையே வண்டியிற் செல்வோர் யன்னல் வழியே காணுங் காடு, பெயரும் எண்ணிக்கையும் அறியப்படாத பலரின் இடுகாடு என்று சொன்னால் மிகையாகாது.

கோப்பிச் செடியை 1869 இல் இலைநோய் பற்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, அவ்விடத்திற் தேயிலை பரவியது. இம்மாற்றம் தொழிலாளர் வாழ்வை அடியோடு மாற்றியதை வரலாறு கற்போர் மறத்தலாகாது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளல் வேண்டும். ஆகவே பருவத்துக்கு வந்து போகும் ஆள் போதாது, குடும்பத்தோடு வந்து தோட்டத்திலேயே தங்கும் ஆள் வேண்டும். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர்த் தோட்டங்களும் பெருகின. ஆட்தேவை மிகுந்த அதே காலத்திற் கொள்ளைநோய் பற்றிய அச்சமும் மிகுந்தது. நோய் காரணமாக வடதெரு மூடப்பட, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பலில் தொழிலாளரைக் கொணரும் வழியே தலைமை பெற்றது. அவ்வழி நீண்டது; கடலும் பருவக்காற்றுக் காலத்திற் கொந்தளிப்பது. ஒடுங்கிய கடலை விரைவிற் கடந்து, கரையிலிருந்தே வண்டியேறித் தோட்டத்தை அடையும் வழியொன்று தோட்டமுதலாளிகட்கு வேண்டியதாயிற்று.

அதற்கு இருகரையிலும் நிலைமை ஒருங்கே கனிந்து வந்தது. ஈழத்தின் வடக்கே 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஓடத் தொடங்கிய வண்டி, 1905 இல் கொழும்போடு இணைந்தது. மதவாச்சி அப்பெரும்பாதையில் ஒரு நிலையமாயிற்று. தமிழ்நாட்டிலே மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902 இல் பாதை வந்தது. இராமேசுவரத் தீவினுள்ளும் 1906 இல் தண்டவாளம் இடப்பட்டது. எஞ்சியவை மூன்று: பாம்பன் நீரிணைக்குப் பாலம், மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் பாதை, இடைக்கடலுக்குக் கப்பல். பாம்பன் பாலத்தின் வேலை 1911 இல் தொடங்கியது. இரண்டு கிலோமீற்றருக்குச் சிறிது மிகுந்த நீளமுடைய அப்பாலத்தின் நடுவே, கப்பல் செல்லுதற்காக இருபுறமும் மேலெழுந்து விலகும் தூக்குப்பகுதியொன்றும் அமைந்தது. 1914 ஆம் ஆண்டு பெப்ரவரி 24 ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 22 மைற் கடலைக் கடத்தற்காக, கேர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என இந்திய அரசப் பிரதிநிதிகளின் பெயர் பூண்ட மூன்று நீராவிக் கப்பல்கள் கிளாஸ்கோ நகரத்துப் பட்டறையிற் கட்டப்பட்டு வந்து சேர்ந்தன. சென்னை எழும்பூரிற் பெற்ற ஒரே சீட்டோடு கொழும்புக் கோட்டையில் இறங்கும் வசதி அவ்வாண்டில் உண்டாயிற்று.

கப்பலை விடுத்து, ஆதம்பாலத்தின் மணற்றிட்டுக்கள்மேற் தண்டவாளமே இட்டுவிடலாம் என்னும் திட்டமும் அக்காலத்தில் ஆராயப்பட்டது, அளவையும் நடந்தது. 1914 ஆகத்து மாதத்தில் முதலாம் உலகப்போர் மூண்டது. திட்டம் கடதாசியோடு நின்றது. நின்றிராவிடினும் ஒரு முட்டு இருந்தே இருக்கும். தென்னிந்தியப் பாதை ஒரு மீற்றர் அகலமுடையது; இலங்கைப் பாதையோ ஐந்தரையடி அகலமுடையது. எந்தப் பாலத்தாலும் ஒரே வண்டி இருநாட்டிலும் ஓடியிராது. தலைமன்னாரிலோ தனுஷ்கோடியிலோ மக்கள் இறங்கி ஏறியே தீரல் வேண்டும்.

பாதையின் உண்மையான தொடக்கத்தைத் தலைமன்னாரிலே தேடுதல் தவறு. அது மண்டபத்திலே உள்ளது. தொழிலாளரைத் தடுத்து வைத்து நோயுண்டா எனப் பார்க்கும் முகாமொன்றை இலங்கை அரசு, தமிழ்நாட்டு மண்ணிலேயே, மண்டபத்தில் நடாத்தியது. கங்காணியோடு வந்த குடும்பங்கள் அங்கே பல நாள் தங்கவைக்கப்பட்டன, அம்மை குத்தப்பட்டது, ஆடைகள் அவிக்கப்பட்டன, எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பது பதிவு செய்யப்பட்டது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத்துண்டொன்று ஆளோடு கூடவே சென்றது. வழிச்செலவைத் தோட்டம் கட்டியது. அது சிறிது காலம் வரை ஆளின் பேரிற் கடனாகவும் எழுதப்பட்டது. நூற்றைம்பது மைல் நடை ஓரிரவு வண்டிப்பயணமாகக் குறைந்தது பெருநன்மையே. வடதெருவிற் சாவு மலிந்தமையை அறிந்தோர் இதனை மறுக்கமாட்டார். ஆயினும், இருப்புப்பாதை இம்மக்களைப் பயணிகளாக ஏற்றிற்று என்பதிலும், தோட்டத்துக்குரிய சரக்காக ஏற்றிற்று என்பதே ஆவணங்களின் தொனிக்குப் பொருந்தும்.

அதே வண்டியில் வேறொரு வகுப்பிற் சென்றோரின் நினைவு முற்றிலும் வேறானது. யாழ்ப்பாணத்து மாணவர் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கற்கச் சென்றதும், நாதசுரக்காரரும் சொற்பொழிவாளரும் நாடகக் குழுவினரும் அக்கரையிலிருந்து வந்ததும், இராமேசுவரத்தில் நீராடச் சென்ற முதியோர் பெட்டியும் செம்புமாக மதவாச்சிச் சந்தியில் வண்டி மாறியதும் இப்பாதையாலேதான். சுவாமி விவேகானந்தர் 1897 சனவரியிற் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வந்தபோது தெருவழியே குதிரைவண்டியில் வந்தார். தம்புள்ளைக்கு அருகே சக்கரம் உடைந்து காத்திருந்து, மாட்டுவண்டியிற் தொடர்ந்தார். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் சொற்பொழிவு நிகழ்த்தியபின் தோணியிற் பாம்பன் சென்றார். பதினேழு ஆண்டுகளின் பின்னர் அப்பயணம் ஓரிரவும் அரைப்பகலுமாகச் சுருங்கியது. போட் மெயில் என்று இருகரையினரும் செல்லமாக வழங்கிய அவ்வண்டியைப் பற்றி எழுதப்பட்டவை யாவும் இவ்வகுப்பாரின் நினைவுகளே. தகரத்துண்டோடு சென்றவர் எழுதவில்லை.

மன்னார் மக்களுக்கு இப்பாதையாற் கிடைத்தது என்ன? முதலாவதாக, மீன். பேசாலையிலும் தலைமன்னாரிலும் பிடித்த மீனும், உலர்த்திய கருவாடும் கொழும்புச் சந்தையை விரைந்து அடைய வழி பிறந்தது. கட்டுக்கரைக் குளத்தின் நீர் பாயும் முருங்கன், நானாட்டான் வயல்களின் நெல்லுக்கும் அண்மையில் ஒரு நிலையம் கிடைத்தது. கட்டுக்கரைக் குளம் பழங்காலத்தது. பிரித்தானியர் ஆட்சியில், 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே திருத்தப்பட்டது. முருங்கன் மண்ணுக்கும் ஒரு கதையுண்டு. 1950 இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு வேண்டிய சுண்ணக்கல் ஆலையின் அருகிலேயே இருந்தது. களிமண்ணோ முருங்கனிலிருந்து செல்லவேண்டியிருந்தது.

பாதை தனக்கெனத் தேடிக்கொண்ட உள்ளூர்ப் பயணிகளுள் முதன்மையானோர் யாத்திரிகர். 1670 இல் ஒல்லாந்தரின் கெடுபிடிக்கு அஞ்சி மாந்தையிலிருந்து காட்டுக்குள் எடுத்துச் செல்லப்பட்ட மாதாவின் சொரூபம் மடுவில் நிலைபெற்றது. ஆடி மாதத்துத் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களிலிருந்து தமிழரும் சிங்களவருமாகத் திரண்ட மக்களுக்கு மடு றோட் நிலையமே இறங்குமிடம். அங்கிருந்து காட்டுவழியே கோயிலுக்குச் செல்வர். ஆண்டு முழுவதும் ஆளின்றிக் கிடக்கும் சிறு நிலையமொன்று சில நாளைக்குக் கொழும்புக் கோட்டைபோலாவது காண்போருக்கு வியப்பூட்டும். பாலாவிக் கரையிலுள்ள திருக்கேதீச்சரமோ சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம்; போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்தது. அதனை மீளக் கட்டுமாறு ஆறுமுக நாவலர் 1872 இல் வேண்டுகோள் விடுத்தார். 1948 இற் திருப்பணிச் சபை அமைந்தபின்னர் வேலை உரம்பெற்றது. சிவராத்திரிக்குத் தெற்கிலிருந்து வந்தோருக்கு வண்டி உதவியது. தோட்டத்துக்கு ஆள் ஏற்ற வந்த பாதை இவ்விரு தலங்களுக்கும் அடியாரைக் கொணர்ந்தது, அமைத்தோர் கருதாத பயன்.

இலுப்பைக்கடவை போன்ற ஊர்களின் நிலையை இனி நோக்கலாம். மாந்தைக்கு வடக்கே விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, மூன்றாம்பிட்டி, வெள்ளாங்குளம், முழங்காவில் எனப் பூநகரி வரை நீளும் கரை, நெல்லும் மீனும் மாடும் உடைய நாடு. இதன் உறவும் கொள்வனவும் மேற்படிப்பும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தோடு. 1658 இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றியபின் யாழ்ப்பாணத்தை நோக்கித் தரைவழியே படை நடத்தினர் என்பதைப் பால்தேயஸ் பாதிரியார் உடனிருந்து எழுதியிருக்கின்றார். ஆகவே மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒரே தொடராக எண்ணப்பட்டமை புதிதன்று. நேர்க்கோட்டில் இவ்விரு நகருக்கும் இடைத்தூரம் ஐம்பது மைலுக்கு உட்பட்டது. ஆனால், மன்னாரிலே வண்டியேறி யாழ்ப்பாணம் செல்ல விரும்பியவர், முதலிற் தென்கிழக்கே மதவாச்சி வரை சென்று, அங்கே மணிக்கணக்கிற் காத்திருந்து, பின்னர் வவுனியா, ஆனையிறவு வழியாக வடக்கே திரும்பல் வேண்டும். நூறு மைலுக்கும் மிகுந்த சுற்று. இலுப்பைக்கடவையிலிருந்து செல்வோர்க்கோ இச்சுற்றும் பயன்படாது. அவர் தெருவழியே பூநகரிக்குப் போய், சங்குப்பிட்டியிலிருந்து கேரதீவுக்குப் பாதையேறினர். நீரைக் கடக்கும் மிதவையைப் பாதை என்பது இவ்வட்டார வழக்கு. ஆகவே இலுப்பைக்கடவையார் பாதை என்றால் நீரிற் செல்வதையே எண்ணினர்; இரும்புப் பாதை அயலூர்ச் செய்தி.

கரையோரமாக இருப்புப்பாதை அமையாதது இவ்விடத்துக்கு மட்டும் உரிய குறையன்று. கொழும்பிலிருந்து வடக்கே வந்த கரையோரப் பாதை 1926 இற் புத்தளத்தோடு நின்றது. புத்தளத்திலிருந்து பூநகரி வரை, இடையே மன்னாருக்குக் குறுக்காகச் செல்லும் இவ்வொரு பாதையைத் தவிர, கரையோரமாகப் பயணிகள் வண்டி செல்லும் தண்டவாளம் இல்லை. மக்கள் தம்முட் கொண்ட போக்குவரவு கரைவழியாக நிகழ்ந்தது. அரசுக்கும் தோட்டத்துக்கும் வேண்டிய போக்குவரவு கரைக்குக் குறுக்காக நிகழ்ந்தது. இருப்புப்பாதை பின்னதையே தேர்ந்தது. இதனை அநீதி என்று கூறுவதைவிட, அக்கால ஆட்சியாளர் எதனைத் தேவையென்று கருதினர் என்பதற்குச் சான்றாகக் கொள்ளுதலே வரலாற்று நோக்குக்கு ஏற்றது.

பிறர் தேவைக்கெனப் பிறந்த பாதை, அத்தேவை தளர்ந்தபோது தானும் தளர்ந்தது. 1929, 1930 ஆம் ஆண்டுகளில் இர்வின், கோஷன் என்னும் புதிய கப்பல்கள் கட்டப்பட்டன. அவை வந்து பத்தாண்டு செல்லுமுன்னரே, இலங்கை அரசு நாட்கூலி இந்தியரை வேலையினின்று நீக்கியதன் விளைவாக, இந்திய அரசு 1939 ஆகத்து முதலாம் நாள் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. மண்டபத்திலிருந்து ஒரு தலைமுறையாக ஓடிய ஆறு ஒரே நாளில் வற்றிற்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இவ்வழியால் வந்தோரின் மக்களையும் பேரரையும் நாடற்றோராக்கியது. பின்னர், 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ, சாஸ்திரி ஆகிய இருநாட்டுப் பிரதமரும் செய்துகொண்ட உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனவும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதெனவும் தீர்த்தது. எஞ்சிய 150,000 பேரை 1974 இற் பாதிபாதியாகப் பகிர்ந்தனர். தோட்டத்திற் பிறந்து வளர்ந்த ஒருவர் எந்நாட்டவர் என்பதை அவரைக் கேளாமலே இரு தலைநகரங்கள் எண்ணிப் பிரித்தன. அனுப்புவதற்குரிய வழி எது? வந்த வழியே.

உடன்படிக்கை கைச்சாத்தாகி இரண்டு மாதம் நிறையுமுன், டிசம்பர் 22 ஆம் நாள் நள்ளிரவில் அவ்வழியின்மேற் புயல் பாய்ந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றுகொண்டிருந்த வண்டியைக் கடல் பெட்டிகளோடு வாரிச் சென்றது. நூற்றுக்கு மேற்பட்டோர் அதிலே மாண்டனர். தனுஷ்கோடி நகரே அழிந்தது. மக்கள் வாழத் தகாத இடமென அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கண்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஆயினும் ஶ்ரீதரன் என்னும் பொறியியலாளரின் பொறுப்பில் 46 நாளிற் பாலம் மீண்டும் எழுந்தது. இக்கரையில் மன்னாரும் தலைமன்னாரும் பெருஞ்சேதம் அடைந்தன. பாலம் மீண்டது, தனுஷ்கோடித் துறை மீளவில்லை. கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. 22 மைற் கடல் நீண்டது. போட் மெயிலின் பழைய விரைவு போயிற்று.

மீண்டும் ஓடிய இராமானுஜம் என்னும் கப்பலும், அதற்கு ஆள் கொணர்ந்த வண்டியும் செய்த வேலை, 1914 ஆம் ஆண்டின் வேலையை மறுபுறம் திருப்பியதாகும். மலைநாட்டு நிலையங்களில் வண்டி நின்றபோது, செல்வோரும் நிற்போரும் கட்டிப்பிடித்து அழுதனர். தாய் ஒரு நாட்டுக்கும் மகள் ஒரு நாட்டுக்கும் உரியராய்ப் பிரிந்த குடும்பங்கள் பல. மலையக மக்கள் அவ்வண்டிக்கு இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. அதிகாரிகளின் கால அட்டவணையில் இல்லாத இப்பெயரே, இப்பாதைக்குப் பயணிகள் தாமே இட்ட பெயர்களுள் மிக நிலைத்தது. கங்காணியின் பின்னால் வந்த முன்னோர் இறங்கிய அதே தலைமன்னார் மேடையிலே, பேரர் பித்தளைக் குடத்தையும் துணிமூட்டையையும் இறக்கி வைத்துச் சுங்கச் சோதனைக்குக் காத்திருந்தனர். அவர்களிற் பலர் இந்தியாவை அதன்முன் கண்டதே இல்லை.

1983 ஆம் ஆண்டின் இனக்கலவரத்தைத் தொடர்ந்து போர் மூள, 1984 இற் கப்பல் நின்றது. எழுபது ஆண்டு நடந்த கடல்வழி அத்தோடு முடிந்தது. மன்னார்க் கரையினின்று இரவோடிரவாக மீன்பிடி வள்ளங்களில் ஏறிய அகதிகள் அக்கடலைத் தம் உயிரைப் பணயம் வைத்துக் கடந்தனர். அவர்களிற் பெருந்தொகையினர் சென்று சேர்ந்த முகாம் மண்டபத்தில் இருந்தது. ஒருகாலத்திற் தோட்டத்துக்குச் செல்வோரைத் தடுத்து வைத்த அவ்விடம், ஈழத்திலிருந்து ஓடி வந்தோர்க்கு உறைவிடமாயிற்று.

கப்பல் நின்ற பின்னர், மதவாச்சிக்கும் தலைமன்னாருக்கும் இடையே வண்டி சில ஆண்டுகள் ஓடியது. பெயரளவிற் கிளைப்பாதையாயிருந்து உண்மையில் இருநாட்டை இணைத்த பெருவழி, இப்போதுதான் உண்மையிலே கிளைப்பாதையாயிற்று: மீன், யாத்திரிகர், பள்ளிப்பிள்ளைகள், கச்சேரிக்குச் செல்வோர். தன் சொந்த மக்களுக்காக மட்டும் அது ஓடிய காலம் மிகக் குறுகியது. 1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் வெடிக்க, அதுவும் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. நிலையக் கட்டடங்கள் சுவர்களாக நின்றன. பாதை சென்ற தடத்திற் காடு வளர்ந்தது. மன்னாரிலிருந்து அவ்வாண்டிற் தமிழரும், ஒக்டோபர் மாதத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் அகன்றபோது, அவரை ஏற்றிச் செல்லப் புகைவண்டி இல்லை.

போர் 2009 இல் முடிந்தபின், இந்திய அரசின் கடனுதவியோடு, இந்திய நிறுவனமாகிய இர்கோன் பாதையை அடித்தளத்திலிருந்தே புதிதாக அமைத்தது. மதவாச்சியிலிருந்து மடு றோட் வரையான 43 கிலோமீற்றர் 2013 மே 14 ஆம் நாளும், அங்கிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரையான 63 கிலோமீற்றர் 2015 மார்ச் 14 ஆம் நாளும் திறக்கப்பட்டன. இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி தலைமன்னாருக்கு வந்து கொடியசைத்து வண்டியை வழியனுப்பினார். தண்டவாளம் 1914 இற்போலவே கடலின் விளிம்பு வரை சென்று நின்றது. அங்கே ஏறுதற்குக் கப்பல் இல்லை. அக்கரையில் தனுஷ்கோடியின் பழைய நிலையமும் கோயிலும் மணலிற் புதைந்த இடிபாடுகளாகவே இருந்தன. பாம்பனிலே பழைய பாலத்துக்கு அருகிற் கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் தண்டவாளமும் இராமேசுவரத்தோடு நின்றது. முதன்முதலாக இருகரையிலும் பாதை ஒரே அகலமுடையதாய் அமைந்தபோது, இடையே செல்வதற்கு எதுவுமில்லை.

மன்னார்ப் பாதை திறக்கப்படுவதற்கு நான்கு ஆண்டு முன்னரே, 2011 சனவரியில், சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் இடையே பாலம் திறக்கப்பட்டிருந்தது. அங்கே பழைய மிதவைப் பாதைக்கு வேலை ஒழிந்தது. மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர் மதவாச்சிக்குச் சென்று திரும்பவேண்டியதில்லை. அவர்களை ஏற்றிய பேருந்துகள் மாந்தையில் வடக்கே திரும்பி, விடத்தல்தீவைக் கடந்து, இலுப்பைக்கடவைத் தெருவாலே பூநகரிக்கு ஓடலாயின.